காரின் எல்லையைத் தெரிந்துகொள்வோம்: பிரேக், வளைவு, சறுக்கல் பயிற்சிக்கு முழுமையான வழிகாட்டி

பத்து வருடமாகக் கார் ஓட்டும் ஒருவரிடம், பிரேக்கை அதன் முழு பலத்துக்கும் கடைசியாக எப்போது மிதித்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலானவர்கள் ஒருமுறைகூட மிதித்திருக்க மாட்டார்கள். டிரைவிங் ஸ்கூலில் கிளட்ச் விடவும், கியர் மாற்றவும், ரிவர்ஸ் எடுக்கவும் சொல்லித் தருகிறார்கள். ஆர்டிஓ ஆபீஸில் ஓட்டிக் காட்டியதும் லைசென்ஸ் வந்துவிடுகிறது. வண்டி வழுக்கத் தொடங்கினால் எப்படி இருக்கும், அப்போது கையும் காலும் என்ன செய்ய வேண்டும் என்பதை யாரும் காட்டுவதில்லை.

அதனால் பலருக்கும் வாழ்க்கையின் முதல் முழு பிரேக், ஜிஎஸ்டி ரோட்டில் மீடியன் இடைவெளியிலிருந்து ஒரு பைக் குறுக்கே வரும் நொடியில்தான் அமைகிறது. காலுக்கடியில் பெடல் தடதடவென்று அதிர்கிறது. ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து காலைத் தளர்த்திவிடுகிறார்கள். அந்த அதிர்வு, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் என்ற பிரேக் அமைப்பு வேலை செய்வதன் அடையாளம். காலைத் தளர்த்தியதால்தான் வண்டி நிற்காமல் போகிறது.

இந்த அதிர்ச்சியைக் காலியான ஒரு தளத்தில், 40 கி.மீ. வேகத்தில், யாருக்கும் ஆபத்தில்லாமல் முன்கூட்டியே பட்டுவிடலாம். தினமும் ஆபீஸுக்கும், விடுமுறைக்கு ஊருக்கும் கார் ஓட்டுபவர்களுக்கான பயிற்சி இது. வேகம் குறைவாகத்தான் இருக்கும். ஆனால் டயரின் பிடிப்பு முடிகிற இடம் வரை வண்டியைக் கொண்டுபோவோம்.

எல்லை என்பது எது?

ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவுதான். பிரேக் பிடிப்பது, திரும்புவது, வேகமெடுப்பது மூன்றும் அந்த நான்கு இடங்களின் வழியாகத்தான் நடக்க வேண்டும். அங்கே கிடைக்கும் பிடிப்புக்கு ஓர் அளவு உண்டு. பிரேக்குக்கே அது முழுவதும் போய்விட்டால் திரும்புவதற்கு மிச்சம் இருக்காது. வளைவில் முழுப் பிடிப்பையும் பயன்படுத்திக்கொண்டிருக்கும்போது பிரேக்கை அழுத்தினால், இரண்டில் ஒன்றை டயர் கைவிட்டே ஆக வேண்டும்.

இன்னொன்று, எடை இடம் மாறுவது. பிரேக் பிடித்தால் மூக்கு தாழ்கிறது. முன் டயர்களில் பாரம் கூடி அவற்றின் பிடிப்பு அதிகமாகிறது, பின் டயர்கள் லேசாகின்றன. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இது தலைகீழாக நடக்கும். வளைவின் நடுவில் பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால் சில கார்களின் பின்பக்கம் வெளியே வீசுவதற்குக் காரணமே இந்த எடை மாற்றம்தான்.

முன் டயர்கள் முதலில் பிடிப்பை இழந்தால், ஸ்டீயரிங் திருப்பியும் வண்டி நேராகவே போகப் பார்க்கும். இது அண்டர்ஸ்டீர். பின் டயர்கள் முதலில் இழந்தால் வால் வெளியே வரும், அது ஓவர்ஸ்டீர். நம் ஊர் ஹேட்ச்பேக்குகளும் சிறிய செடான்களும் பெரும்பாலும் முன்சக்கர இயக்கம் கொண்டவை. ஆகவே நீங்கள் முதலில் சந்திக்கப்போவது அநேகமாக அண்டர்ஸ்டீராகத்தான் இருக்கும்.

இடம்

இதில் சமரசமே வேண்டாம். விடியற்காலை ஈசிஆர், இன்னும் திறக்காத பைபாஸ், வீடு வராத மனைப்பிரிவின் தார்ச்சாலை ஆகியவற்றைத்தான் பலரும் தேடிப் போகிறார்கள். எல்லாமே தவறான தேர்வு. பொதுமக்கள் வந்துபோக உரிமையுள்ள எந்த இடமும் மோட்டார் வாகனச் சட்டத்தின் பார்வையில் பொது இடம்தான். 1988-ம் ஆண்டுச் சட்டத்தின் 189-வது பிரிவு, அனுமதியில்லாமல் அங்கே வேகச் சோதனை செய்வதையே குற்றம் என்கிறது. சட்டம் ஒருபுறமிருக்க, மனைப்பிரிவில் நாய் குறுக்கே வரும், சைக்கிளில் பிள்ளைகள் வருவார்கள், ஓரத்தில் கல் நட்டிருக்கும்.

சரியான இடங்கள் தமிழ்நாட்டிலேயே இருக்கின்றன. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் சுமார் 3.7 கி.மீ. நீள ட்ராக் இருக்கிறது. அது வருவதற்கு முன்பு சென்னையின் பந்தயங்கள் சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளத்தில்தான் நடந்தன. அகலமான, சமமான, தடையில்லாத தளம் எவ்வளவு முக்கியம் என்பதை அந்தக் காலத்து ஆட்களும் அறிந்திருந்தார்கள். கோவைக்குப் பக்கத்தில் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. இந்தியாவிலேயே பந்தயக் கார்களை உருவாக்கிய எஸ். கரிவர்தனின் பெயரைத் தாங்கிய இந்த ட்ராக்கின் நீளம் சுமார் 2.1 கி.மீ. பந்தயம் இல்லாத நாட்களில் இத்தகைய ட்ராக்குகளில் பயிற்சியும், சொந்தக் காரில் ஓட்டும் ட்ராக் டேயும் நடப்பதுண்டு. நிர்வாகத்திடம் முன்கூட்டியே பேசி, பயிற்சியாளர் உண்டா, ஆம்புலன்ஸ் நிற்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ட்ராக் எட்டாத தூரத்தில் இருந்தால், கேட் போட்டுப் பூட்டக்கூடிய தனியார் தளம் ஒன்றை உரிமையாளரின் எழுத்துப்பூர்வ அனுமதியோடு பயன்படுத்தலாம். கல்லூரி வளாகத்தின் பெரிய பார்க்கிங், தொழிற்சாலையின் லாரி நிறுத்தும் தளம் போன்றவை பொருந்தும். குறைந்தது 120 மீட்டர் நீளமும் 50 மீட்டர் அகலமும் வேண்டும். விளக்குக் கம்பம், மரம், திறந்த கால்வாய், சிமென்ட் விளிம்பு எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. விளிம்பைப் பலர் அலட்சியப்படுத்துகிறார்கள். பக்கவாட்டில் வழுக்கும் கார் சமதளத்தில் பெரும்பாலும் சுழன்று நின்றுவிடும். அதே கார் அரையடி உயர விளிம்பில் சக்கரம் இடித்தால் கவிழக்கூடும்.

இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்து ஒருமுறை படியுங்கள். பந்தயம், வேகச் சோதனை போன்றவற்றுக்கு வழக்கமான கார் பாலிசி பொருந்தாது என்று அதில் இருக்கும். பயிற்சியில் ஏற்படும் சேதம் உங்கள் செலவு என்று வைத்துக்கொண்டே கிளம்புங்கள்.

வண்டியும் நீங்களும்

உயரமான எஸ்யுவி, எம்பிவி, வேன் ஆகியவற்றில் நேர்க்கோட்டு பிரேக் பயிற்சியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வளைவுப் பயிற்சிக்குத் தாழ்வான ஹேட்ச்பேக் அல்லது செடான்தான் ஏற்றது. ஈர்ப்பு மையம் உயரமாக இருக்கும் வண்டியில் வழுக்கல் கவிழ்தலாக மாறும் வாய்ப்பு அதிகம்.

டயரில் இருந்து ஆரம்பியுங்கள். பள்ளங்களுக்கு நடுவே தேய்மானத்தைக் காட்டும் சிறு மேடு இருக்கும். மேல்பரப்பு அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் ஆழம் 1.6 மி.மீ. என்று பொருள், அந்த டயரோடு பயிற்சிக்கு வர வேண்டாம். பக்கச் சுவரில் தயாரிப்புக் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2321 என்றால் 2021-ன் 23-வது வாரத்தில் செய்தது. பக்கச் சுவரில் வெடிப்போ வீக்கமோ இருந்தால் பயிற்சியைத் தள்ளிப் போடுங்கள். டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் சொன்ன காற்றழுத்தத்தை, டயர் குளிர்ந்திருக்கும்போது வையுங்கள். வீல் நட்டுகளை முறுக்கிப் பாருங்கள். பிரேக் ஆயில் மாற்றி இரண்டு வருடம் தாண்டியிருந்தால் முதலில் மாற்றிவிடுங்கள். ஈரத்தை உறிஞ்சிய ஆயில் சூட்டில் சீக்கிரம் கொதித்து, பெடல் பஞ்சாகிவிடும்.

பிறகு காருக்குள் இருக்கும் தளர்ந்த பொருட்கள் எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். டாஷ்போர்டில் ஒட்டிய சாமி சிலை, பெர்ஃப்யூம் பாட்டில், பின்சீட்டுக் குடை, டிக்கியில் உள்ள ஜாக்கி எல்லாம் இதில் அடங்கும். தண்ணீர் பாட்டில் மிக முக்கியம். முழு பிரேக்கில் அது உருண்டு முன்னால் வந்து பெடலுக்கு அடியில் சிக்கினால் அடுத்த பிரேக்கே இருக்காது. நழுவும் தரை மிதியடிக்கும் இதே ஆபத்து உண்டு. காரில் உங்களையும் பயிற்சியாளரையும் தவிர யாரும் இருக்கக் கூடாது.

உட்காரும் முறையில் நிறையப் பேருக்குத் திருத்தம் தேவைப்படும். இடுப்பு சீட்டின் பின்மூலையைத் தொட வேண்டும். பிரேக்கை அடி வரை அழுத்தும்போதும் முழங்கால் சற்று மடங்கியே இருக்க வேண்டும். கால் நீண்டு விறைத்துவிட்டால் முழு பலம் கொடுக்க முடியாது. தோளை சீட்டிலிருந்து எடுக்காமல் கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியில் படிய வேண்டும். நெஞ்சுக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவே குறைந்தது 25 செ.மீ. இடைவெளி ஏர்பேக்குக்காகத் தேவை. கைகள் கடிகாரத்தின் 9 மணி, 3 மணி இடங்களில் இருக்கட்டும். செருப்பு வேண்டாம், தட்டையான மெல்லிய அடிப்பாகம் கொண்ட ஷூ போடுங்கள்.

வெளியே ஒருவர் பாதுகாப்பான தூரத்தில் நிற்க வேண்டும். அவர் கையை உயர்த்தினால் உடனே நிறுத்துவது என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். தீயணைப்பு சிலிண்டரும் முதலுதவிப் பெட்டியும் அவரிடம் இருக்கட்டும். அடையாளத்துக்கு ரப்பர் கோன் இல்லாவிட்டால் காலி பிளாஸ்டிக் பாட்டில் போதும். கல்லோ செங்கலோ கூடாது.

பயிற்சி 1: நேர்க்கோட்டில் முழு பிரேக்

ஒரு நாள் மட்டும்தான் கிடைக்கும், ஒரே பயிற்சிதான் செய்ய முடியும் என்றால் இதையே தேர்ந்தெடுங்கள். உயிரைக் காப்பாற்றும் வாய்ப்பு இதற்குத்தான் அதிகம் என்பது என் உறுதியான கருத்து.

இரண்டு கோன்களை வாசல் மாதிரி வையுங்கள். 30 கி.மீ. வேகத்தில் சீராக வந்து, வாசலைத் தாண்டும் நொடியில் பிரேக்கையும் கிளட்சையும் ஒரே அடியில் அழுத்துங்கள். மெதுவாக ஆரம்பித்துக் கூட்டுவது இங்கே உதவாது. முதல் தொடுதலே முழு பலமாக இருக்க வேண்டும். வண்டி அசைவற்று நிற்கும்வரை அழுத்தம் குறையக் கூடாது. முதல் முறை பெரும்பாலும் யாராலும் முழு பலம் கொடுக்க முடிவதில்லை. ஏபிஎஸ் அதிர்வு வரவே இல்லையென்றால் நீங்கள் போதிய அளவு அழுத்தவில்லை. பெடல் அதிர்ந்து, கரகரவென்று சத்தம் வந்து, சீட் பெல்ட் தோளை இறுக்கிப் பிடிக்கும்வரை மறுபடி செய்யுங்கள். அதன்பிறகு 40, இடம் அனுமதித்தால் 60.

ஒவ்வொரு முறையும் வாசலுக்கும் வண்டி நின்ற இடத்துக்கும் நடுவே உள்ள தூரத்தை அளந்து எழுதுங்கள். காய்ந்த நல்ல தார்த் தளத்தில் 40 கி.மீ. வேகத்திலிருந்து ஏறக்குறைய 8 மீட்டரிலும், 60-லிருந்து 18 மீட்டரிலும் நிற்க வேண்டும். 80 என்றால் 31 மீட்டரைத் தாண்டிவிடும். வேகம் இரட்டிப்பானால் தூரம் நான்கு மடங்கு. இதில் ஆபத்தை உணர்ந்து காலை நகர்த்தும் நேரம் சேரவில்லை. அதற்கு ஒரு நொடி என்று வைத்தாலும் 60 கி.மீ. வேகத்தில் கிட்டத்தட்ட 17 மீட்டர் கூடுதலாக ஓடியிருப்பீர்கள். இந்தத் தூரத்தைக் காலால் நடந்து பார்த்தவர்கள் அடுத்த நாளே முன்வண்டிக்கு விடும் இடைவெளியைக் கூட்டிவிடுகிறார்கள்.

நம் நாட்டில் 2019 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான புதிய கார்களில் ஏபிஎஸ் கட்டாயம். அதற்கு முந்தைய, ஏபிஎஸ் இல்லாத காராக இருந்தால் முறை வேறு. முழுவதும் அழுத்தினால் சக்கரம் பூட்டிக்கொண்டு கிறீச்சிடும், ஸ்டீயரிங் வேலை செய்யாது. அப்போது அழுத்தத்தைச் சற்றே தளர்த்தி, சக்கரம் உருளத் தொடங்கியதும் மறுபடி கூட்ட வேண்டும். சக்கரம் பூட்டுவதற்குச் சற்று முன்பான அந்த அழுத்தத்தைப் பாதம் கண்டுபிடிக்க நிறைய முயற்சிகள் தேவைப்படும்.

நான்கைந்து முறைக்கு ஒருதரம் இரண்டு சுற்று மெதுவாக ஓட்டி பிரேக்கைக் குளிரவிடுங்கள். பெடல் வழக்கத்தைவிட ஆழமாகப் போனாலோ கருகிய வாசனை வந்தாலோ நிறுத்திவிடுங்கள். சூடான பிரேக்கோடு நிற்கும்போது ஹேண்ட்பிரேக் போட வேண்டாம், கியரில் நிறுத்தி சக்கரத்துக்குத் தடை வையுங்கள்.

பயிற்சி 2: பிரேக் பிடித்தபடியே விலகுவது

ஏபிஎஸ் தரும் பெரிய பலன், முழு பிரேக்கிலும் ஸ்டீயரிங் உயிரோடு இருப்பதுதான். காருக்கு முன்னால் கோன்களை வரிசையாக வைத்து ஒரு தடை அமையுங்கள். அதன் ஒரு பக்கம் கார் தாராளமாகப் போகும் அளவுக்கு இடைவெளி விடுங்கள். 40 கி.மீ. வேகத்தில் வந்து, தடைக்கு 8 மீட்டருக்கும் குறைவான இடத்தில் முழு பிரேக் அழுத்தி, அழுத்தத்தைத் தளர்த்தாமலே இடைவெளிக்குள் திருப்புங்கள்.

ஆரம்பத்தில் கோன்களை இடிப்பீர்கள். காரணம் கையில் இருக்காது, கண்ணில் இருக்கும். ஆபத்தை வெறித்துப் பார்த்தால் கை அங்கேயே வண்டியைக் கொண்டுபோகும். காலியான சாலையில் நிற்கும் ஒற்றை மரத்தில் கார் மோதுவதற்கு இதுவும் ஒரு காரணம். கோனைப் பார்க்காமல், வண்டி போக வேண்டிய இடைவெளியைப் பாருங்கள். பயிற்சியாளர் கடைசி நொடியில் "இடது" அல்லது "வலது" என்று கத்தும்படி செய்தால் பயிற்சி இன்னும் உண்மைக்கு நெருக்கமாகும். திருப்பியதும் ஸ்டீயரிங்கை நேராக்கவும் மறக்காதீர்கள். சாலையில் அதை மறந்தால் எதிர்த்தடத்தில் போய் நிற்போம்.

பயிற்சி 3: கோன்களுக்கு இடையே வளைந்து செல்வது

ஆறு கோன்களை 18 மீட்டர் இடைவெளியில் நேராக வைத்து, 25 முதல் 40 கி.மீ. வேகத்துக்குள் மாறி மாறிச் சுற்றுங்கள். ஆக்ஸிலரேட்டரை ஒரே அளவில் வைத்து, ஸ்டீயரிங்கை மட்டும் பயன்படுத்துங்கள். எடை இடமிருந்து வலம் போய்த் திரும்பி வருவதை இடுப்பு உணரும். வெடுக்கென்று திருப்பினால் மூன்றாவது கோனிலேயே தாளம் தப்பும், மென்மையாகத் திருப்பினால் அதே வேகத்தில் ஆறையும் தாண்டலாம்.

பயிற்சி 4: வட்டம்

15 மீட்டர் ஆரத்தில் கோன்களால் ஒரு வட்டம் போடுங்கள். இரண்டாவது கியரில் 20 கி.மீ. வேகத்தில் அதைச் சுற்றத் தொடங்கி, ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு கி.மீ. கூட்டுங்கள். காய்ந்த தளத்தில் 35-ஐத் தாண்டும்போது டயர் முனகத் தொடங்கும். 38, 39 வாக்கில் சாதாரண டயரின் பிடிப்பு முடிந்துவிடும். தண்ணீர் தெளித்த தளத்தில் இதே எல்லை 30 வாக்கிலேயே வந்துவிடும். வட்டமும் டயரும் அதேதான், ஈரம் ஒன்றே வேகத்தில் எட்டு கி.மீ. தின்றுவிடுகிறது.

எல்லை நெருங்கும்போது மூன்று அடையாளங்கள் தெரியும். டயரின் சத்தம் கூடும், கையில் ஸ்டீயரிங் லேசாகும், வட்டத்தைவிட்டு மூக்கு வெளியே நகரும். அந்த நேரத்தில் எல்லோருடைய கையும் ஸ்டீயரிங்கை இன்னும் திருப்பவே போகும். பிடிப்பே இல்லாத டயரை மேலும் திருப்பிப் பயனில்லை. செய்ய வேண்டியது இது: ஆக்ஸிலரேட்டரை மெதுவாகத் தளர்த்துங்கள், ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் திரும்ப விடுங்கள், டயர் மறுபடி பிடிக்கும்வரை காத்திருங்கள், பிறகு திருப்புங்கள். எண்ணிப் பார்த்தால் ஒரு நொடிக்கும் குறைவுதான். ஆனால் அந்த ஒரு நொடி காத்திருக்கப் பழகுவதற்குத்தான் இத்தனை சுற்றுகளும்.

வண்டி வழுக்குவதைக் கட்டுப்படுத்தும் மின்னணு அமைப்பான இஎஸ்சி உள்ள கார் என்றால் வழுக்கும் கார் படம் போட்ட மஞ்சள் விளக்கு மினுக்கும், எஞ்சின் தானாகவே சக்தியைக் குறைக்கும். எந்த நிலையில் அது தலையிடுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அதை அணைக்க வேண்டாம். பயிற்சியாளர் அருகில் உட்கார்ந்து, ஈரத் தளத்தில், அவரே சொன்னாலொழிய அந்தப் பொத்தானைத் தொடாதீர்கள். நான்கு சுற்றுக்கு ஒருமுறை திசையை மாற்றுங்கள். தலைசுற்றல் குறையும், ஒரே பக்க டயர்கள் தேய்வதும் தவிர்க்கப்படும்.

பயிற்சி 5: பின்பக்கம் வழுக்கும்போது

இதைத் தனியாகச் செய்யக் கூடாது. தகுதியான பயிற்சியாளரோடு, தண்ணீர் ஊற்றிய தளத்தில், குறைந்த வேகத்தில் மட்டுமே செய்ய வேண்டும். அதற்கு வழியில்லாதவர்களுக்கு நல்ல மாற்று கோ-கார்ட். அதன் எஞ்சின் பின்சக்கரங்களைத்தான் ஓட்டுகிறது, பிரேக்கை வளைவில் முரட்டுத்தனமாக அழுத்தினால் வால் வீசும். உயரம் குறைவு என்பதால் கவிழும் அபாயமும் குறைவு.

வால் வெளியேறும்போது முதல் வேலை கண்ணுக்குத்தான், போக வேண்டிய திசையைப் பார்க்க வேண்டும். கை பார்வையைத் தொடர்ந்து, வால் வலப்பக்கம் போனால் வலமாகவும் இடப்பக்கம் போனால் இடமாகவும் ஸ்டீயரிங்கைத் திருப்பும். இதைப் பலர் சீக்கிரமே கற்றுக்கொள்கிறார்கள். கடினமானது அடுத்த பாதி. டயர் மறுபடி பிடிக்கும் அந்த நொடியிலேயே ஸ்டீயரிங்கை நேராக்கிவிட வேண்டும். தாமதித்தால் வண்டி எதிர்ப்பக்கம் இன்னும் வேகமாக வீசப்படும். முதல் வழுக்கலைவிட இந்த இரண்டாவது வீச்சில்தான் பெரும்பாலானவர்கள் கட்டுப்பாட்டை இழக்கிறார்கள்.

வண்டி சுழலத் தொடங்கிவிட்டது, மீட்க முடியாது என்று தெரிந்தால் பிரேக்கையும் கிளட்சையும் அடி வரை அழுத்தி நிற்கும்வரை பிடித்திருங்கள். பந்தய ட்ராக்கில் புதியவர்களுக்குச் சொல்லும் விதி இதுதான்.

மழைச் சாலைக்கு

நீண்ட வெயிலுக்குப் பின் வரும் முதல் மழையில் சாலை அதிகமாக வழுக்கும். தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் தண்ணீரோடு கலந்து டயருக்கு அடியில் படலமாகிவிடும். பயிற்சித் தளத்தில் தண்ணீர் ஊற்றி 1, 2, 4 பயிற்சிகளைத் திரும்பச் செய்தால், உங்கள் காய்ந்த தள அளவுகளோடு நேரடியாக ஒப்பிடலாம். மணல் படிந்த அல்லது ஜல்லி சிதறிய இடத்தில் ஏபிஎஸ் இருந்தும் நிற்கும் தூரம் நீளும் என்பதையும் நினைவில் வையுங்கள். தேங்கிய நீரின் மேல் டயர் மிதக்கும் நிலையை இந்தக் குறைந்த வேகத்தில் பயிற்சி செய்ய முடியாது. நெடுஞ்சாலையில் அப்படி நேர்ந்தால் ஆக்ஸிலரேட்டரை மெல்லத் தளர்த்துங்கள், ஸ்டீயரிங்கை நேராகப் பிடியுங்கள், பிரேக்கை அடிக்காதீர்கள்.

கிளம்புவதற்கு முன்னும் பின்னும்

பயிற்சி முடிந்ததும் டயர் ஓரங்களைப் பாருங்கள், வீல் நட்டுகளை மறுபடி முறுக்குங்கள், டயர் குளிர்ந்தபின் காற்றைச் சரிபாருங்கள். வீடு திரும்பும் வழியில் வேகமாக ஓட்டத் தோன்றும், அரை மணி நேரம் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புங்கள். எல்லையைத் தொட்டவர்கள் சாலையில் அதிலிருந்து வெகுதூரம் விலகியே ஓட்ட வேண்டும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது, வளைவுக்கு முன்பே நேர்க்கோட்டில் பிரேக்கை முடித்து, தாழ்ந்த கியரில், பிடிப்பு முழுவதையும் திரும்புவதற்கே விட்டுக்கொடுங்கள். வட்டத்தில் கற்றது அங்கேதான் பயன்படும்.

டயர் மாற்றினாலோ வேறு கார் வாங்கினாலோ முதல் பயிற்சியைக் கட்டாயம் திரும்பச் செய்யுங்கள். ஒவ்வொரு காரின் பெடலும் வேறு மாதிரி இருக்கும். அதே காரை ஓட்டும் மனைவி, கணவர், புதிதாக லைசென்ஸ் வாங்கிய பிள்ளை ஆகியோரையும் கூட்டிப் போங்கள். ஒவ்வொருவரும் சீட்டை அவரவர் உயரத்துக்கு மாற்றிக்கொண்டு, 30 கி.மீ. வேகத்தில் அந்த இரண்டு கோன் வாசலிலிருந்தே ஆரம்பிக்கட்டும்.